மிக்சர் டப்பாவுக்கு ஓர் இடம்

எங்கள் வீட்டில் மிக்சர் டப்பா காலியானால் அதன் அடுத்த பிறவி கடுகு டப்பா. அதற்கும் அடுத்தது ஆணியும் ஸ்குரூவும் போட்டு வைக்கும் டப்பா. 2013இல் ஒரே ஒரு டப்பா மட்டும் இந்த வரிசையிலிருந்து தப்பித்து, சிங்கப்பூரின் புக்கிட் தீமா காட்டோரத்துக்குக் குடிபோனது. நாலு பக்கமும் கிளிப் போட்டு மூடுகிற பிளாஸ்டிக் டப்பா. உள்ளே ஒரு சின்ன நோட்டு, அரை பென்சில், மகள் மனசில்லாமல் கொடுத்த இரண்டு ரப்பர் டைனோசர், ஊரிலிருந்து வந்த ஐந்து ரூபாய் நாணயம் ஒன்று.

"குப்பையைக் கொண்டுபோய்க் காட்டுல போடுறதுக்கு ஜிபிஎஸ் வேறயா?" என்றாள் மனைவி.

ஜியோகேச்சிங் என்ற விளையாட்டை அவளுக்கு விளக்கி நான் தோற்றிருந்த காலம் அது. ஒருவர் ஒரு டப்பாவை எங்காவது ஒளித்து வைத்துவிட்டு, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை அறிவிப்பார். மற்றவர்கள் ஜிபிஎஸ்ஸோடு தேடி வருவார்கள். கிடைத்தால் உள்ளே இருக்கும் நோட்டில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, டப்பாவை இருந்தது இருந்தபடி வைத்துவிட்டுப் போக வேண்டும். பொம்மையை எடுத்தால் பதிலுக்கு ஒன்றை வைக்க வேண்டும். பரிசு கிடையாது. "அப்ப எதுக்கு?" என்று அவள் கேட்டதற்கு நான் சொன்ன பதில் எனக்கே ஞாபகமில்லை.

இதற்கு மூலகாரணம் ஒரு அரசாங்க முடிவு. அமெரிக்க ராணுவத்தின் ஜிபிஎஸ் சமிக்ஞையில், பொதுமக்கள் கருவிகளுக்கு மட்டும் வேண்டுமென்றே ஒரு பிழையைக் கலந்து வைத்திருந்தார்கள். நீங்கள் நிற்கும் இடத்தை அது நூறு மீட்டர் வரை தள்ளிக் காட்டும். கிளின்டன் ஆட்சியில், 2000 மே மாதத் தொடக்கத்தில், அதை நிறுத்தினார்கள். ஒரே இரவில் கருவிகளெல்லாம் ஏறத்தாழ பத்து மடங்கு துல்லியமாகிவிட்டன. மே 3ஆம் தேதி ஓரிகன் மாநிலத்தில், பீவர்கிரீக் என்ற ஊருக்கு அருகே டேவ் உல்மர் என்பவர் ஒரு கறுப்பு வாளியைக் காட்டில் வைத்துவிட்டு அதன் எண்களை இணையத்தில் போட்டார். வாளிக்குள் புத்தகம், மென்பொருள், உண்டிவில், அவரை டின் ஒன்று. வாளியைப் பாதி மண்ணில் புதைத்தும் வைத்தார். இன்றைய விதிப்படி புதைக்கக் கூடாது, தின்பண்டமும் வைக்கக் கூடாது. ஆதிமூலமே இரண்டு குற்றம் செய்தவர் என்பதில் எனக்கு ஒரு ஆறுதல் உண்டு. ஏன் ஆறுதல் என்பது பின்னால் வரும்.

ஒளித்து வைக்க ஆசைப்படுகிறவர் முதலில் இருபதையாவது தேடிக் கண்டுபிடித்திருக்க வேண்டும் என்று சொல்வார்கள். நான் முப்பத்திரண்டு முடித்திருந்தேன். அவற்றில் பாதிக்கு மேல் இப்போது நினைவில் இல்லை. கம்பித் தடுப்புக்குப் பின்னால் காந்தம் ஒட்டிய குப்பி, பெயர்ப் பலகைக்குப் பின்னால் பழைய பிலிம் டப்பி, மறுபடியும் கம்பித் தடுப்பு. கை போய் எடுக்கும், கண் எதையும் பார்த்திருக்காது. நினைவில் நிற்பவை சில. லாப்ரடார் பூங்காவில், பிரிட்டிஷ்காரர்கள் விட்டுப்போன பீரங்கி மேட்டுக்குப் பக்கத்தில் ஒன்று. அதை எடுத்துவிட்டு நிமிர்ந்தால் எதிரே கடலும் வரிசை கட்டி நிற்கும் கப்பல்களும். வைத்தவர் டப்பாவைக் காட்டவில்லை, கடலைக் காட்டினார்.

இன்னொன்று வேறு காரணத்துக்காக மறக்கவில்லை. பங்களாக்கள் வரிசையாக நிற்கும் ஒரு தெரு. மின்சாரப் பெட்டிக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தேன். காவலாளி வந்தார். நம்மவர்தான், அறுபது வயதிருக்கும்.

"தம்பி, எந்தக் கம்பெனி? பெர்மிட் இருக்கா?"

வியர்த்த டீ ஷர்ட்டும் என் நிறமும் சேர்ந்து என்னைக் கேபிள் வேலைக்கு வந்தவனாக்கிவிட்டன. டப்பா, விளையாட்டு என்று நான் சொல்லச் சொல்ல அவர் முகம் இறுகியது. கடைசியில், "சரி, வீட்டுக்காரங்க பாத்தா எனக்குத்தான் பிரச்சனை, போயிருங்க" என்றார். அதே டப்பாவை எடுத்துவிட்டு, அங்கே புல்வெளியில் உட்கார்ந்து காப்பி குடித்ததாக ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் குறிப்பு எழுதியிருந்ததை அன்று இரவு படித்தேன்.

இதை இந்த விளையாட்டுக்காரர்கள் கூடிய ஒரு சந்திப்பில் சீனப் பெரியவர் ஒருவரிடம் சொன்னேன். எல்லோரும் அவரை அங்கிள் என்போம். ஓய்வுபெற்ற இயந்திரத் தொழில்நுட்பர். ஆயிரத்துக்கு மேல் கண்டுபிடித்தவர், பத்துப் பன்னிரண்டு ஒளித்தும் வைத்தவர். சிரிக்காமல் கேட்டுவிட்டு ஆங்கிலத்தில் அவர் சொன்னதன் சாரம்: "டப்பாவை மறைக்கிறது பெரிய வித்தை இல்லை. தேடுகிற ஆளை எங்கே மறைப்பாய்? அதை முதலில் யோசி."

அதுவரை நான் ஊரைப் பார்த்த பார்வை வேறு. எங்கே பொந்து, எங்கே இடுக்கு, எங்கே ஒருவரும் குனிந்து பார்க்க மாட்டார்கள் என்று திருட்டுப் பூனை மாதிரி அலைந்துகொண்டிருந்தேன். ஐந்து இடங்களைக் குறித்தும் வைத்திருந்தேன். அங்கிளின் கேள்வியைப் போட்டுப் பார்த்ததும் நாலு விழுந்தன. எங்கள் புளோக்கின் கீழ்த்தளத் தூண் ஓரம்: பக்கத்தில் சிறுவர் விளையாட்டுத் திடல், அங்கே தனி ஆண் ஒருவன் பெஞ்சுக்கு அடியில் கையை விட்டால் எந்தத் தாய் சும்மா இருப்பாள்? எம்ஆர்டி நிலையத்துக்கு வெளியே சைக்கிள் நிறுத்துமிடம்: சந்தேகப் பொருளைக் கண்டால் சொல்லுங்கள் என்று நாலு மொழியில், அதில் தமிழிலும், அறிவிப்பு ஓடுகிற ஊரில் டேப் சுற்றிய டப்பாவை ஒளித்தால் வருவது தேடுகிறவராக இருக்காது. மேம்பாலப் படிக்கட்டின் அடிப்பக்கம், நூலகத்தின் வெளிச்சுவர், இவற்றுக்கும் அதே கதை. டப்பா பத்திரமாக இருக்கும். ஆள்தான் மாட்டுவார்.

ஐந்தாவது இடம் பழைய ரயில்பாதை.

தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை 24 கிலோமீட்டர், சிங்கப்பூருக்கு நடுவே மலேசிய ரயில் ஓடிக்கொண்டிருந்த தடம் அது. 2011 ஜூன் 30 இரவு கடைசி வண்டியை ஜொகூர் சுல்தானே ஓட்டிச் சென்றார். பிறகு தண்டவாளங்களைப் பெரும்பாலும் பெயர்த்தெடுத்தார்கள். மிஞ்சியது புல்லும் சேறும், சாலைக்கு மேலே நிற்கும் இரும்புப் பாலங்களும். மலாயா ரயில்வேயில் நம்மவர்கள் வியர்வை நிறைய உண்டு. தண்டவாளம் போட்டவர்கள், கேட் காத்தவர்கள், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஸ்டேஷன் மாஸ்டராகவும் குமாஸ்தாவாகவும் இருந்தவர்கள். ரயில்வே தொழிலாளர்கள் வைத்துக் கும்பிட்ட முனீஸ்வரன் இன்றும் குவீன்ஸ்டவுனில் கோயில்கொண்டிருக்கிறார். இத்தனை கதையுள்ள தடத்தில் என் முதல் டப்பா இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. நடக்க வருகிறவர்கள், ஓடுகிறவர்கள், படம் எடுக்கிறவர்கள் என்று எல்லாத் தினுசு மனிதர்களும் அங்கே நின்று நிதானிப்பார்கள். யாரும் யாரையும் எந்தக் கம்பெனி என்று கேட்பதில்லை.

இரும்புப் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு இடம் குறித்து, விவரம் எழுதி அனுப்பினேன். டப்பாக்களை வெளியிட அனுமதிக்கும் தன்னார்வலரிடமிருந்து மறுநாளே பதில் வந்தது: மன்னிக்கவும், இன்னொன்று மிக அருகில் இருக்கிறது. இரண்டு டப்பாக்களுக்கு நடுவே 161 மீட்டராவது வேண்டும். மைல் கணக்கில் பத்தில் ஒரு பங்கு. வரைபடத்தில் அங்கே எதுவுமே இல்லையே என்று குழம்பினேன். புதிர் அவிழ்த்தால் மட்டும் இடம் தெரிகிற டப்பாக்கள் சில உண்டு, அவை வரைபடத்தில் உண்மையான இடத்தில் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத ஒருவரின் காலை மிதித்துவிட்டேன். எந்தப் பக்கம் நகர்வது என்றும் தன்னார்வலர் சொல்ல மாட்டார், சொன்னால் புதிரின் விடை போய்விடும். இருட்டில் நாற்காலி தேடுவதுபோல் வடக்கே கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, மூன்றாவது முறை அனுமதி கிடைத்தது. காட்டோரமாக ஒரு மரப்பொந்து.

வெளியான அன்று இரவே, நாற்பது நிமிடத்துக்குள், தலையில் விளக்கு கட்டிக்கொண்டு ஒருவர் வந்து முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டுவிட்டார். முதலில் கண்டுபிடிப்பதற்கென்றே காத்துக் கிடப்பவர்கள் இருக்கிறார்கள். நான் தூங்கவில்லை. மகளை எழுப்பிச் சொல்லலாமா என்றுகூட நினைத்தேன்.

ஐந்தாம் நாள் வேறொருவர் எழுதினார்: டப்பா இல்லை, ஆனால் மூடி பத்தடி தள்ளிக் கிடக்கிறது, அதில் பல் தடம்.

ஓடினேன். புக்கிட் தீமா குரங்குகளுக்குப் பிளாஸ்டிக் பையும் சாப்பாட்டு டப்பாவும் நன்றாகத் தெரியும். நாலு கிளிப்பில் இரண்டைப் பிய்த்திருந்தன. நோட்டைத் தாள் தாளாக உரித்துப் போட்டிருந்தன. ஒரு டைனோசருக்குத் தலை இல்லை. ஐந்து ரூபாயை மட்டும் தொடவில்லை. குப்பையெல்லாம் பொறுக்கிக்கொண்டு வீடு வந்தேன். மனைவி டப்பாவை வாங்கி மோந்து பார்த்தாள்.

"நாலு வருஷ மிக்சருங்க. எத்தனை தடவை கழுவினாலும் பெருங்காயம் போகுமா?"

டேவ் உல்மராவது தெரிந்தே அவரை டின் வைத்தார்.

இரண்டாவது முறை ஹார்டுவேர் கடையில் புது டப்பா வாங்கினேன். பச்சையும் பழுப்புமாய் டேப் சுற்றினேன். பேனா மை ஈரத்தில் ஊறிவிடும் என்பதால் பென்சில், நோட்டுக்கு ஜிப் பை, புதுச் செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா பொட்டலம் இரண்டு. இடத்தை மட்டும் அவசரமில்லாமல் தேடினேன். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போயின. ஒரு பொந்து பிரமாதமாக இருந்தது, கையை விட்டதும் முசுறு எறும்பு முழங்கை வரை ஏறிவிட்டது. ஒரு வேர் இடுக்கு, மழை பெய்ததும் வாய்க்காலானது.

கடைசியில் கிடைத்தது ஒரு அல்பீசியா மரம். பாதையிலிருந்து நாலு எட்டு, காட்டுக்குள் போகவே வேண்டாம். காப்புக்காட்டில் தடம் விட்டு விலகினால் அபராதம் உண்டு, அதனால் அது முக்கியம். தண்டு இரண்டாகப் பிரியும் இடம் என் இடுப்பளவு உயரம், பாதைக்குப் பின்புறமாகப் பார்த்தது. முட்டி போட வேண்டியதில்லை. முக்கியமாக, மரத்தடியில் உட்காரும் உயரத்தில் ஒரு பழைய கட்டை கிடந்தது. வருகிறவர் அதில் காலை வைத்து ஷூ லேஸ் கட்டலாம், தண்ணீர் குடிக்கலாம், மரத்தில் சாய்ந்து நிற்கலாம். ஒரு கை பின்னால் போய் வருவதை யாரும் கவனிக்க மாட்டார்கள். டப்பாவுக்கு நல்ல இடமா என்று கேட்டால் சுமார்தான். ஆளுக்கு நல்ல இடம்.

டப்பாவின் மேல் சருகையும் குச்சியையும் அடுக்கி மூடப் போனேன். கூட வந்திருந்த அங்கிள் தடுத்தார். காட்டில் குச்சி தானாக இணையாக விழாது, அப்படிக் கிடந்தால் அனுபவப்பட்டவர்கள் இருபதடி தூரத்திலேயே கண்டுகொள்வார்கள். ஒரே ஒரு பட்டைத் துண்டைச் சாய்த்து வைத்தோம்.

பிறகு அளப்பது. மரக்கூரையின் கீழே ஜிபிஎஸ் குடிகாரன் மாதிரி நடக்கும். நின்ற இடத்தில் நிற்கும்போதே எண்கள் ஊர்ந்துகொண்டிருக்கும். இந்த எண்களில் கடைசி இலக்கம் ஒரு கோண நிமிடத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பூமத்திய ரேகைக்கு இவ்வளவு பக்கத்தில் அது எந்தத் திசையிலும் ஏறக்குறைய 1.85 மீட்டர். ஓரிகனில் கிழக்கு மேற்காக அளந்தால் இன்னும் சுருங்கும். நான் மூன்று வெவ்வேறு நாட்கள் போய், ஒவ்வொரு தடவையும் பத்து நிமிடம் குடையோடு நின்று, எண்களைக் குறித்து சராசரி எடுத்தேன். மூன்றாம் நாள் குடைக்குள் நின்று அலைபேசியையே முறைத்துக்கொண்டிருந்த என்னை ஒரு கிழவி, வழி தவறிவிட்டதாக எண்ணி, சாலை வரை கூட்டிப் போக முன்வந்தாள்.

துப்புக் குறிப்பு ஒன்றும் எழுத வேண்டும். அதை நேரடியாகக் காட்ட மாட்டார்கள். ஆங்கில எழுத்து ஒவ்வொன்றையும் பதின்மூன்று இடம் தள்ளி மாற்றிக் காட்டுவார்கள், திணறுகிறவர் மட்டும் அவிழ்த்துக்கொள்ளலாம். விளையாட்டாகத் தமிழில் ஒரு துப்பு எழுதிப் பார்த்தேன். அந்த மந்திரம் நம் எழுத்துக்குப் பலிக்கவில்லை, அப்படியே பளிச்சென்று நின்றது. சிங்கப்பூரில் தேடி வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அதுவே சங்கேதம்தான் என்று எண்ணிச் சிரித்துவிட்டு அழித்தேன்.

வைத்து இரண்டு வாரம் கழித்து, பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்கப் போனேன். புல்வெட்டி இயந்திரச் சத்தம். முகத்தில் வலைக் கவசம் போட்ட ஒருவர் என்னைப் பார்த்ததும் இயந்திரத்தை அணைத்தார். கவசத்தைத் தூக்கினார்.

"அண்ணே, அந்த டப்பா ஒங்களுதா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மன்னார்குடிப் பக்கத்துப் பையன், இருபத்தைந்து இருக்கும்.

"போன வாரமே பாத்துட்டேன். ஏதோ குண்டுன்னு நெனச்சு சூப்பர்வைசர்ட்ட சொல்லப் போனேன். அப்புறம் மெல்லத் தொறந்தா பொம்மை. மேல இங்கிலீசுல என்னமோ எழுதியிருந்துச்சு. படிச்சுப் பாத்துட்டு வெச்ச எடத்துலயே வெச்சுட்டேன்."

நான் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"பரிசு ஏதும் உண்டா?"

"இல்ல தம்பி."

"அப்ப எதுக்குண்ணே வர்றாங்க?"

"நடக்கிறதுக்கு ஒரு சாக்கு."

"நான் தெனம் பன்னெண்டு கிலோமீட்டர் நடக்குறேன்" என்றார், இயந்திரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு.

நான் யாரிடமிருந்து மறைத்தேன் என்று அன்றுதான் கணக்குப் பார்த்தேன். ஓடுகிறவர்களிடமிருந்து, நாயோடு நடப்பவர்களிடமிருந்து. அந்தப் பாதையின் ஒவ்வொரு வேரையும் கல்லையும் வாரம் தவறாமல் பார்க்கிறவர்களை எண்ணிக்கையிலேயே சேர்க்கவில்லை. டப்பா தப்பித்தது என் சாமர்த்தியத்தால் அல்ல, அவர் வைத்த இடத்திலேயே திருப்பி வைத்ததால். அடுத்த வாரம் தமிழில் ஒரு சீட்டு எழுதினேன்: இது விளையாட்டுக்காக வைத்த பெட்டி, ஆபத்தில்லை, பார்த்துவிட்டு இங்கேயே வைத்துவிடுங்கள். கூட வேலை செய்யும் வங்காளதேச நண்பரிடம் சொன்னேன், அவரே வங்காளியில் எழுதித் தந்தார். ஏற்கெனவே இருந்த ஆங்கிலத்தோடு மொழிகள் மூன்றும் ஒரே தாளில், லேமினேட் போட்டு உள்ளே வைத்தேன்.

அதன் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் சிக்கல் இல்லை. நோட்டில் ஜெர்மானியர், ஜப்பானியர், பள்ளிப் பிள்ளைகள் என்று பெயர்கள் சேர்ந்தன. நான் திரும்பவும் உள்ளே வைத்திருந்த தலையில்லாத டைனோசரை யாரோ எடுத்துக்கொண்டு போனார்கள். என்ன ரசனையோ.

பிறகு ஒரு மாதத்தில் மூன்று பேர் வரிசையாகக் கிடைக்கவில்லை என்று எழுதினார்கள். ஒருவர் கிடைக்கவில்லை என்றால் அவர் கண்ணைச் சந்தேகிக்கலாம். மூன்று பேர் என்றால் நான் போக வேண்டும். மரத்தையே காணோம், வெட்டியிருக்கிறார்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். மூன்றாமவர் கூடவே, அடிக்கட்டையில் ஏதோ கிறுக்கியிருக்கிறது, பூசை சமாச்சாரம் போலிருக்கிறது, தொடவில்லை என்றும் சேர்த்திருந்தார்.

அல்பீசியா சட்டென்று வளரும், புயல் மழையில் சட்டென்று முறியும். நடைபாதை ஓரத்தில் அதை விட்டு வைக்க மாட்டார்கள் என்பது மரத்தைத் தேர்ந்தெடுத்த நாளிலேயே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். போனபோது வெயில் சுள்ளென்று இறங்கிக்கொண்டிருந்தது. நிழல் போய் அந்த இடமே அம்மணமாகத் தெரிந்தது. ரம்பத்தூள் மழையில் கெட்டித்துக் கிடந்தது. அடிக்கட்டையின் வெட்டு முகத்தில், மரத்துக்குக் குறியிடும் வெள்ளைப் பெயின்டில், ஒரு அம்புக்குறி. அதன் கீழே கோணல் மாணலாக ஒரே சொல்.

மதகு.

அம்பு காட்டிய பக்கம் ஐந்தாறு எட்டில், தண்டவாளம் இருந்த காலத்து வடிகால் பாதையைக் கடக்கும் இடத்தில் சின்ன மதகு ஒன்று உண்டு. எத்தனையோ முறை அதைத் தாண்டியிருக்கிறேன், குனிந்து பார்த்ததில்லை. பக்கச் சுவரின் பின்னால், காட்டுப் பக்கமாக, ஒரு கல் பெயர்ந்த குழி. அதற்குள் டப்பா. முன்னால் ஒரு சரளைக் கல்லைச் சாய்த்திருந்தது, அடுக்கி அல்ல, தானாக உருண்டு வந்ததுபோல. சுவர் உட்காரும் உயரம். யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து இளைப்பாறலாம், கை பின்னால் போகலாம்.

நோட்டில் கடைசிப் பக்கத்தில் பென்சிலில் எழுதியிருந்தது: "அண்ணே, மரம் வெட்ட ஆர்டர் வந்துருச்சு. டப்பாவ இங்க மாத்திட்டேன். தண்ணி இது வரைக்கும் ஏறாது, நான் மழையில பாத்திருக்கேன். உள்ள ஈரமா இருந்துச்சு, தொடச்சு வெச்சிருக்கேன்." தேதி போட்டிருந்தார். பெயர் போடவில்லை.

அங்கே வேலை செய்துகொண்டிருந்தவர்களிடம் விசாரித்தேன். ஒப்பந்தம் கைமாறி புதுக் குழு வந்திருந்தது. பழைய ஆட்களை அவர்களுக்குத் தெரியவில்லை.

வைத்தவரே 161 மீட்டருக்குள் இடத்தைத் திருத்திக்கொள்ளலாம். சுவரில் உட்கார்ந்து பத்து நிமிடம் எண்களைப் பார்த்தேன். மரக்கூரை இல்லாததால் அவை அதிகம் ஊரவில்லை. கடைசி இலக்கங்களை மட்டும் மாற்றிப் பதிந்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு தம்பதி கண்டுபிடித்துவிட்டு, முதல் தடவை ஒளித்து வைக்கிறவருக்கு இப்படியொரு இடம் எப்படித் தோன்றியது, பிரமாதம் என்று எழுதியிருந்தார்கள். நன்றி என்று மட்டும் பதில் போட்டேன்.